கிரானைட் பாலிஷ் பட்டறையில் முகக்கவசமும் ஒரு நாள் வகுப்பும் போதுமா?

மேலூர்ப் பக்கத்தில் கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருப்பதாகவும், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்குமாறு முதலாளி சொல்லியிருப்பதாகவும், முகக்கவசம் வாங்கிக் கொடுத்து ஒரு நாள் வகுப்பு நடத்தினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. மதுரை வட்டாரத்துப் பட்டறைகளில் பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். முகக்கவசம் கடைசியில் வர வேண்டியது. தண்ணீரையும் காற்றோட்டத்தையும் கூலிக் கணக்கையும் அதற்கு முன்பே சரிசெய்தாக வேண்டும்.

கிரானைட்டில் குவார்ட்ஸ் எனப்படும் படிகச் சிலிக்கா ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கும். தரையில் படியும் வெள்ளைப் பொடியைக் கண்டுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள்; ஆனால் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்குவது ஐந்து மைக்ரானுக்கும் சிறிய, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத துகள்தான். அது தங்கிய இடங்களில் தழும்பு உண்டாகி நுரையீரல் இறுகிப்போவதே சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குப் பிறகே வெளித்தெரியும் அந்த நோய், வேலையை விட்டு நின்ற பின்னும் முற்றிக்கொண்டே போகக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தத் தூசி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1997இலேயே வகைப்படுத்திவிட்டது.

பெரிய கட்டரிலும் பாலிஷ் இயந்திரத்திலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் அங்கே தூசி குறைவு. தூசி பறப்பது பலகையின் ஓரத்தைக் கைக் கிரைண்டரால் இழைக்கும் இடத்தில். அந்த வேலையைத்தான் பெரும்பாலும் உலர்ந்த நிலையில் செய்கிறார்கள். தண்ணீர் விட்டால் மின்சாரம் தாக்கும் என்ற அச்சம் அதற்குக் காரணம், அந்த அச்சம் நியாயமானதும் கூட. ஆகவே காற்றழுத்தத்தில் ஓடும் கிரைண்டரை வாங்குங்கள். முடியாவிட்டால், தண்ணீர்க் குழாய் பொருத்தும் வகையில் தயாரிக்கப்பட்ட மின் கிரைண்டரை 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். அறுப்புச் சகதி காய்வதற்கு முன்பே அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும். காய்ந்துவிட்டால் காலடி பட்டதும் அதுவே மறுபடி தூசியாகிறது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதையும், வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றை உடம்பில் அடித்துச் சட்டையைத் தட்டிக்கொள்வதையும் அறவே நிறுத்துங்கள். நாள் முழுவதும் காத்த நுரையீரலுக்குள் சில நிமிடங்களில் தூசியை ஏற்றிவிடும் வழக்கம் அது. வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே துவைக்க ஏற்பாடு செய்தால், வீட்டிலுள்ள குழந்தைகளும் தப்புவார்கள்.

இவற்றைச் செய்த பிறகு தூசியை அளந்து பார்க்க வேண்டும். 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, நுரையீரலுக்குள் செல்லத்தக்க தூசிக்கான வரம்பைக் கணக்கிட, குவார்ட்ஸ் சதவீதத்தோடு இரண்டைக் கூட்டி, வருகிற எண்ணால் பத்தை வகுக்க வேண்டியிருந்தது. தூசியில் 30 சதவீதம் குவார்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் 0.31 மில்லிகிராம் தூசி, அதாவது சுமார் 0.09 மில்லிகிராம் சிலிக்கா வரை அந்தச் சட்டம் அனுமதித்தது. அமெரிக்காவில் 2016இல் வகுக்கப்பட்ட விதி 0.05 மில்லிகிராம் சிலிக்காவை மட்டுமே அனுமதிக்கிறது. நம் வரம்புக்குள் வந்துவிட்டோம் என்று நிம்மதி கொள்ளாமல், அந்த எண்ணை இலக்காக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இனி, எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் காணாத, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கூலிக் கணக்குக்கு வருகிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்வரை, தண்ணீர்க் குழாயை மாட்டும் நேரமும், சகதியை அள்ளும் நேரமும், முகக்கவசத்தைக் கழற்றி மூச்சு வாங்கும் நேரமும் தொழிலாளியின் வருமானத்திலிருந்து கழிகின்றன. அவர் அவற்றைத் தவிர்த்தால் அது அலட்சியமாகாது. வீட்டு வாடகையையும் பிள்ளையின் பள்ளிச் செலவையும் எண்ணிச் செய்யும் கணக்கு அது. பாதுகாப்புக்காகச் செலவாகும் நேரத்துக்குக் கூலி உண்டு என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு தாள் கிடைக்காத வரை, நீங்கள் நடத்தும் வகுப்பு பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும் என்பதே என் அனுபவம்.

முகக்கவசத்தைப் பொறுத்தவரை, முகத்தில் கட்டும் துண்டும் துணி மாஸ்க்கும் இந்த நுண்துகளைத் தடுப்பதில்லை. என்-95 தரத்துக்குக் குறையாதது வேண்டும். தாடி இருந்தாலோ மூக்கின் மேல் கம்பியை அழுத்தாவிட்டாலோ அதுவும் ஓரத்தில் காற்றை உள்ளே விடும். சித்திரை வெயிலில் அதை நாள் முழுவதும் அணிந்திருப்பது மனிதரால் ஆகாத காரியம் என்பதால், இடையிடையே தூசியற்ற இடத்தில் ஓய்வு தேவை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உங்களிடம் வேலை செய்தால், பயிற்சியை அவர்கள் மொழியிலும் நடத்துங்கள்.

போபால் விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-சி பிரிவு, ஆபத்தான செயல்முறைகளில் ஈடுபடுவோருக்கு வேலையில் சேரும் முன்பும், பின்னர் 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியிலும், அந்த வேலையை விட்ட பிறகும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றது. உங்கள் பட்டறை அதன் பட்டியலில் வந்தாலும் வராவிட்டாலும் இதையே பின்பற்றுங்கள். ஊடுகதிர்ப் படத்தையும் (எக்ஸ்ரே) மூச்சுத்திறன் முடிவையும் அலுவலகத்தில் பூட்டி வைக்காமல், ஒரு பிரதியைத் தொழிலாளியின் கையில் கொடுங்கள். 2012இல் முறைகேட்டுப் புகார்களைத் தொடர்ந்து மேலூர் வட்டாரக் குவாரிகள் மூடப்பட்டபோது, அங்கு வேலை செய்தவர்கள் வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள். அப்படிப் போன ஒருவர் பின்னாளில் நோயுற்றால், எங்கே எத்தனை ஆண்டுகள் தூசியில் நின்றார் என்பதற்கு அவர் கையில் காகிதம் இருந்தாக வேண்டும். சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். ஈஎஸ்ஐ காப்பீட்டில் இழப்பீட்டுக்கும் உரியது.

பலகையின் விரிசலை அடைக்கும் எப்பாக்சி ரெசினையும் மறந்துவிடாதீர்கள். அதை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் கை வெடிக்கும். நைட்ரைல் கையுறை கொடுங்கள்; கையைத் தின்னரால் கழுவ விடாதீர்கள், சோப்பும் தண்ணீரும் போதும்.

தொடர் இருமலோடு வருபவரைத் தத்தனேரி ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கோ, அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ அனுப்பும்போது, அவர் செய்யும் வேலையையும் அதில் கழித்த ஆண்டுகளையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். சிலிக்கா தூசி காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுவதால் சளிப் பரிசோதனை அவசியம். ஆனால் ஊடுகதிர்ப் படத்தில் இரண்டு நோய்களும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், தொழிலைச் சொல்லாத நோயாளிக்குக் காசநோய் மாத்திரை மட்டும் தரப்பட்டு, அவர் மறுபடி அதே கிரைண்டரிடம் வந்து நிற்க நேரிடும்.