டவர் ஸ்பீக்கருக்குத் தவணைக் கடன் வாங்கலாமா?

கேள்வி: 12 அடிக்கு 10 அடி அறையில் பாட்டுக் கேட்கிறேன். ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் 50 வாட். 4 ஓம், 86 டெசிபல், தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று பிடித்துவிட்டது. பாதி விலையை அவசரகாலச் சேமிப்பிலிருந்து எடுத்து, மீதியை 12% ஃபிளாட் வட்டியில் 24 மாதத் தவணையாகக் கட்டலாமா?

பதில்: வேண்டாம். வட்டி இருக்கட்டும், அந்த ஸ்பீக்கரே உங்களை இன்னொரு செலவில் இழுத்துவிடும்.

86 டெசிபல் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. அதை எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளப்பார்கள். ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு. 8 ஓமில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். அப்படி அளந்திருந்தால், 1 வாட்டுக்கு உங்களுக்குக் கிடைப்பது 83 டெசிபல்தான். 3 டெசிபல் கூட்ட ஆம்ப் பவர் இரட்டிப்பாக வேண்டும். 8 ஓம், 89 டெசிபல் ஸ்பீக்கரைவிட இது 6 டெசிபல் குறைவு. எனவே அதில் உங்கள் 50 வாட் தரும் சத்தத்தை இதில் எடுக்க, இருமுறை இரட்டித்து, 200 வாட் தேவை. ஆம்பின் பின்புறம் ‘குறைந்தது 8 ஓம்’ என்று போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: வால்யூமைக் கூட்டினால் சூடேறும், பாட்டின் நடுவே தானே அணைந்துபோகவும் கூடும். பிறகு புது ஆம்ப் தேட வேண்டியதுதான்.

அறையும் சிறியது. 12 அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் பக்கமும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் பக்கமும் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். பேஸ் எனும் அந்தத் தாழ்ந்த ஒலியில்தான் டவர் ஸ்பீக்கர் தன் பலத்தைக் காட்டும். பின்பக்கம் துளையுள்ள மாடலைச் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் குமுறி, பாடகர் குரல் அமுங்கிவிடும். 2 அடியாவது முன்னே இழுக்க வேண்டும். உங்களிடம் அதற்கு இடம் குறைவு. கடையில் நன்றாக இருந்தது வீட்டில் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது கடன். ஃபிளாட் வட்டியில், அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் முழுக் கடனுக்கும் வட்டி போடுவார்கள். 100 வாங்கினால் 124 கட்டுவீர்கள். குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5%. ‘வட்டியில்லாத் தவணை’ என்றாலும், செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி எவ்வளவு என்று கேளுங்கள். அந்த இரண்டின் கூட்டுத்தொகைதான் வட்டி. அவசரகாலச் சேமிப்பில் கை வைக்கவே வேண்டாம்.

கட்ட நினைத்த தவணைத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். சேர்ந்ததும் 8 ஓம், 88 டெசிபலுக்கு மேலுள்ள, சிறு பெட்டியான புக்‌ஷெல்ஃப் ஜோடி வாங்குங்கள். கீச்சொலி தரும் சிறு ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர கனமான ஸ்டாண்ட் வேண்டும். அதன் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஒயருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள்: 5 மீட்டருக்குள் என்றால் 2.5 சதுர மி.மீ. சாதாரணச் செம்பு ஒயரே தாராளம்.

பழைய ஜோடி கிடைத்தால் இன்னும் லாபம். ஆனால் முன்வலையைக் கழற்றிப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்து, விரல் பட்டால் உதிர்ந்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ரப்பர் வளையம் நெடுநாள் உழைக்கும். பேஸ் தரும் பெரிய கூம்பான வூஃபரை இரு பக்கமும் விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் (காயில்) கெட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். கடைசியாக மோனோவில், அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும்படி, ஒரு குரலைப் போடுங்கள். அது இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆம்பில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வு மாறாவிட்டால், பெட்டிகளையும் இடம் மாற்றுங்கள். பெட்டியோடு சாய்வும் இடம் மாறினால் பழுது ஸ்பீக்கரில்தான்.