மலைத் தோட்டத்துக்கு சென்சார்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி (கூக்கல்தொரை): நான்கு ஏக்கரில் கேரட், பீட்ரூட். வீடு மேட்டுக்கு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கச் சரிவில். தகவலை ரேடியோ அலையில் தொலைவுக்கு அனுப்பும் 'லோரா' சென்சார் பத்து கிலோமீட்டர் எட்டும் என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பத்து கிலோமீட்டர் என்பது நடுவில் மறைப்பே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. குறுக்கே ஒரு மேடு நின்றால் அரை கிலோமீட்டர்கூடத் தேறாமல் போகும். எனவே சென்சார் எது என்று பார்ப்பதற்கு முன், சிக்னலைப் பிடித்து இன்டர்நெட்டுக்கு அனுப்பும் கேட்வே பெட்டியை எங்கே வைப்பது என்று பாருங்கள். முகட்டில் கரன்ட் உள்ள வீடோ பம்ப் ஷெட்டோ இருந்தால் அதுதான் இடம். ஒரு கேட்வே நூற்றுக்கணக்கான சென்சார்களைத் தாங்கும் என்பதால், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பணம் கொடுக்குமுன் தோட்டத்துக்கே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும், தாழ்வான பாத்தியிலும் சென்சாரை வைத்து, திரையில் ஆர்.எஸ்.எஸ்.ஐ. எண்ணை, அதாவது சிக்னலின் பலத்தை, படியுங்கள். மைனஸ் 100, 110 என்றால் கவலையில்லை. மைனஸ் 120ஐத் தொட்டால் வெயிலில் ஓடும். மழையில் இலை நனைந்ததும் விட்டுவிட்டு வரும். இன்னொரு நஷ்டமும் உண்டு. சிக்னல் குறையக் குறைய, சென்சார் அதே தகவலை மெதுவாக அனுப்பும். நல்ல சிக்னலில் சில பத்து மில்லி விநாடியில் முடிகிற வேலை, கடைசி எல்லையில் ஒரு விநாடிக்கு மேல் இழுக்கும். ஐந்து வருஷம் வரும் என்ற பேட்டரி ஒரே வருஷத்தில் படுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து அலைவரிசை. லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் ஒதுக்கியிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. வெளிநாட்டுத் தளங்களில் மலிவாகக் கிடைக்கும் 915 மாடல் இங்கே கூடாது. அட்டையில் '868' என்று போட்டிருந்தாலும் ஏமாற வேண்டாம். ஐரோப்பிய மாடல் 868.1, 868.3, 868.5 ஆகியவற்றில் பேசும், அதாவது நம் எல்லைக்கு ஒட்டி வெளியே. 'ஐ.என். 865' என்று மாற்றியமைத்ததா, ரேடியோ கருவிகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் வாங்கிய இ.டி.ஏ. சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை பாருங்கள்.

இரண்டே இடத்தில்தான் சென்சார் என்றால் கேட்வே வீண் செலவு. சிம் போடும் வகையே போதும், ஆனால் அது 4ஜி ஆக இருக்க வேண்டும். விலை குறைந்த கருவிகளுக்குள் இன்னும் 2ஜி மாட்யூல் வருகிறது. ஜியோவில் 2ஜி கிடையவே கிடையாது.

கேள்வி (பூம்பாறை): பூண்டு வயலுக்கு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றையும் போனிலேயே காட்டும் 'ஏழு அளவு' சென்சார் விற்கிறார்கள். உரச் செலவு குறையுமா?

குறையாது. வாங்காதீர்கள். அந்த எஃகு முள்கள் உண்மையில் அளப்பது ஈரம், வெப்பம், மண்ணின் மின்கடத்துத்திறன் மட்டுமே. சத்துக் கணக்கு மின்கடத்துத்திறனைப் பெருக்கிப் போடும் எண். கடையிலேயே சோதிக்கலாம்: ஒரு டம்ளர் தண்ணீரில் முள்களை விட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு ஸ்பூன் சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். தழைச்சத்து மளமளவென்று ஏறும். உப்பில் ஏது தழைச்சத்து?

நம் மலை மண்ணில் இது இன்னும் மோசம். அமில மண் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது மின்கடத்துத்திறனில் தெரியவே தெரியாது. 22 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி (தலைகுந்தா): உறைபனிக்கு எச்சரிக்கை தரும் கருவி மாட்டியும் பயிர் கருகிவிட்டது. கருவி 4 டிகிரி காட்டியது. ஏன்?

எங்கே மாட்டினீர்கள் என்று எழுதவில்லை. ஆளுயரத்திலோ கூரையோரத்திலோ என்றால் விடை அதுதான். மேகமும் காற்றும் இல்லாத டிசம்பர், ஜனவரி இரவில் குளிர்ந்த காற்று கனத்து, பள்ளத்தில் தேங்கும். இலை வானத்தைப் பார்த்தபடி வெப்பத்தை இழப்பதால், தலைக்கு மேலே 4 டிகிரி இருக்கும்போதே தரையில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சென்சார் இருக்க வேண்டியது தோட்டத்தின் மிகத் தாழ்வான பாத்தியில், பயிரின் உயரத்தில்: கேரட்டுக்குத் தரையிலிருந்து ஒரு சாண், தேயிலைக்குக் கொழுந்து பறிக்கும் மட்டம். மேலே வெள்ளைத் தட்டு அடுக்கிய கூடு அவசியம்.

உள்ளே என்ன சென்சார் என்றும் பாருங்கள். டி.எச்.டி. 11 என்றால் தூக்கிப் போடலாம். அது பூஜ்யத்துக்குக் கீழே அளக்காது, பிழையே கூட்டியோ குறைத்தோ 2 டிகிரி வரும். டி.எஸ். 18பி20 அரை டிகிரிக்குள் நிற்கும், அதுவும் அசலாக இருந்தால். சந்தையில் போலி நிறைய. பிளாஸ்க்கில் பொடித்த ஐஸை நிரப்பி, இடுக்கு நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, முனையைப் பத்து நிமிடம் நடுவில் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 0.7 காட்டினால், எப்போதும் 0.7ஐக் கழித்துப் படியுங்கள்.

எச்சரிக்கையை 3 டிகிரியில் வையுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை போதாது. போனில் வரும் 'டிங்' சத்தத்துக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. அழைப்பு வருகிற வகை, இல்லையென்றால் 12 வோல்ட் சைரன்.

எழுந்து என்ன செய்வது? ஸ்பிரிங்ளர் போடுவதாக இருந்தால் முதலில் தண்ணீரைக் கணக்கிடுங்கள். மணிக்கு 3 மில்லிமீட்டர் தெளிக்க ஏக்கருக்குச் சுமார் 12,000 லிட்டர் வேண்டும். பூஜ்யத்தைத் தொடுமுன் தொடங்கி, வெயில் ஏறிப் பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் தொட்டி காலியானால், நனைந்த இலையிலிருந்து நீர் ஆவியாகி, தெளிக்காத பாத்தியைவிட மோசமாகக் கருகும்.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண லித்தியம் அயான் பேட்டரியை பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். விடியற்காலையில் பெட்டி உறைந்திருக்க, சோலார் தகட்டில் வெயில் விழுகிறதே, அப்போதுதான் அது நடக்கும். லோரா சென்சாருக்கு சார்ஜ் ஏற்றாத 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு செல் நல்லது. சோலார்தான் என்றால் 'வெயிலே இல்லாமல் எத்தனை நாள் ஓடும்' என்று எழுதி வாங்குங்கள். குந்தா பக்கம் ஜூலை மாத மூட்டத்துக்குப் பதினைந்து நாளாவது வேண்டும்.

கேள்வி (கேத்தி): டென்சியோமீட்டர் 60 கிலோபாஸ்கலுக்கு மேல் ஏறுவதில்லை. 80 வரை காட்டும் என்றுதான் விற்றார்கள். பழுதா?

பழுது இல்லை. மண் காயக் காயத் தண்ணீரை இழுக்கும் விசையைத்தான் டென்சியோமீட்டர் காட்டுகிறது. அந்த 80 கடல் மட்டத்துக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 10 கிலோபாஸ்கல் குறையும். உங்கள் உயரத்தில் 60 சொச்சம்தான் உச்சம். காய்கறிக்கு 25 முதல் 35க்குள் தண்ணீர் விட்டுவிடுவதால் உங்களுக்கு இது நஷ்டமே இல்லை. பனிக்காலத்தில் மட்டும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், உள்ளே தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும்.

கேள்வி (கோத்தகிரி): காட்டெருமை உரசி உரசிக் கம்பத்தைச் சாய்க்கிறது.

தனிக் கம்பம் நட்டால் உரசத்தான் செய்யும். சில்வர் ஓக் மரத்தில் இரண்டு ஆள் உயரத்தில் பெட்டியைக் கட்டி, ஒயரை ஜி.ஐ. குழாய்க்குள் விட்டு இறக்குங்கள். குழாயிலிருந்து வரும் ஒயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். அது இல்லாவிட்டால் மழைநீர் ஒயர் வழியாகவே உள்ளே போகும்.

கேள்வி (மன்னவனூர்): வாங்கும்போது ஆப் இலவசம் என்றார்கள். ஒரு வருஷம் கழித்து, பணம் கட்டினால்தான் ஆப் திறக்கும் என்கிறார்கள். கருவி சும்மா கிடக்கிறது.

பில், விளம்பரம், வாட்ஸாப் உரையாடல், பணம் கேட்கும் திரையின் படம் எல்லாவற்றையும் இன்றைக்கே சேமித்துவிடுங்கள். ஆப் இலவசம் என்று சொன்னதற்கு எழுத்தில் ஒரு வரி இருந்தாலே வழக்குக்கு உயிர் உண்டு. பதினைந்து நாள் கெடு கொடுத்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் தமிழிலேயே புகார் பதியலாம். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திண்டுக்கல்லில், வழக்குப் போடலாம்; கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 'விவசாயம் தொழில்தானே, நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இனி வாங்குகிறவர்கள், ஆப் இல்லாமல் கருவியிலிருந்து தகவலை நேரடியாக எடுக்க வழி உண்டா என்று கேளுங்கள். சென்சாரின் சாவி எண்களையும் (சர்வரில் இணைக்கத் தேவையான ரகசிய எண்கள்) கையோடு வாங்கிக்கொண்டால், கம்பெனி மூடினாலும் வேறு சர்வரில் இணைத்து ஓட்டலாம்.