வருடத்துக்கு ஒரே ஒரு மேட்ச்

அன்புள்ள ஐயா,

டாக்காவில் நம் இந்தியக் கால்பந்து அணி பங்களாதேஷிடம் 0-1 என்று தோற்றது. 22 வருடங்களுக்குப் பிறகு அவர்களிடம் தோல்வி. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. காலையில் செய்தியைப் பார்த்தால், குராசோ என்கிற தீவு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. அங்கே மொத்த ஜனத்தொகையே ஒன்றரை லட்சம்தான். 140 கோடிப் பேரில் நமக்கு 11 பேர் கிடைக்கவில்லையா? நம் வீரர்களுக்கு வெறியே இல்லை, சம்பளம் வந்தால் போதும் என்று ஆடுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பு போனபோதே பார்ப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். நீங்கள் இன்னும் இந்த அணியைப் பார்க்கிறீர்களா? எதற்காக?

கே.

அன்புள்ள கே.,

பார்க்கிறேன். டாக்கா ஆட்டத்தையும் கடைசி விசில் வரை பார்த்தேன். 11-வது நிமிடத்தில் கோல் வாங்கிவிட்டு, மிச்சமிருந்த நேரம் முழுக்க ஒரு கோலைத் திருப்பிப் போட முடியாமல் தவித்ததைப் பார்க்க வயிறு எரிந்தது. உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. ஆனால் வெறி இல்லை என்று சொன்னீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. கத்தாரை அவர்கள் மண்ணில் 1-0 என்று முந்தியிருந்தோம். சாங்டே போட்ட கோல். அப்படியே முடிந்திருந்தால் முதல் முறையாக மூன்றாவது சுற்றுக்குப் போயிருப்போம். 73-வது நிமிடத்தில் நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுத்த பந்து மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. வெளியே போன பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுக்கிறார், இன்னொருவர் கோலுக்குள் தட்டிவிடுகிறார். நடுவர் கோல் என்கிறார். அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் முறை கிடையாது. நம் பையன்கள் கோட்டைக் காட்டிக் காட்டிக் கத்தியது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. சம்பளத்துக்காக மட்டும் ஆடுகிறவன் அப்படிக் கத்தமாட்டான்.

சரி, அந்த ஒரு அநியாயத்தையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. அதே சுற்றில் கவுகாத்தியில், நம் ஊரில், ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றோம். அன்று நமக்கு விழுந்த ஒரே கோலும் பெனால்டி. அடித்தவர் 39 வயது சுனில் சேத்ரி, இத்தனை வருடமாக நமக்குக் கோல் போட்டுக் கொடுத்தவர். அவர் அந்த ஜூனில் ஓய்வு பெற்றார். கோல் போட ஆள் இல்லாததால் 40 வயதில் மறுபடி கூப்பிட்டு வந்தார்கள். அவருக்குப் பிறகு யார் என்ற கேள்வி பத்து வருடமாக இருக்கிறது. நம் நாட்டு கிளப்புகள் ஆடும் ஐஎஸ்எல் லீக் 2014-ல் தொடங்கியபோது ஒரு அணியில் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டவர் ஆடலாம். 2021-ல்தான் அது 4 ஆனது. கோல் போடும் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே கொடுத்தார்கள். நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய சென்னை சிட்டி அணி இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை 2018-19-ல் வென்றபோதும் 21 கோல் அடித்தவர் வெளிநாட்டிலிருந்து வந்த மான்சிதான். கிளப்பைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கு ஜெயிக்க வேண்டும். ஆனால் கிளப்பில் வாரம்தோறும் மைதானத்தின் ஓரத்தில் ஓடிய நம் ஆளை தேசிய அணியில் திடீரென்று நடுவில் நிறுத்தி கோல் போடு என்றால் எங்கிருந்து போடுவான்?

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். ஏழாம் வகுப்பு. இடது கால் அவ்வளவு சுத்தம், பந்து வந்தால் பார்க்காமலே நிறுத்துவான். போன வருடம் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிக்குப் போனான். எல்லாம் நாக்-அவுட், ஒரு முறை தோற்றால் வெளியே. முதல் ஆட்டம் 0-0, டைபிரேக்கரில் தோல்வி. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த வருடத்துக்கு அவனுடைய கால்பந்து அவ்வளவுதான். போட்டிக்கென்று வாங்கிய பூட்ஸ் வாசல் படியில் கிடந்தது. பத்திரமாக எடுத்து வை, அடுத்த வருடம் ஆகும் என்றேன். "அடுத்த வருஷம் இது எனக்குப் பத்தாது அண்ணா" என்றான்.

அவன் அந்த 140 கோடியில் ஒருவன். ஆனால் கால்பந்துக் கணக்கில் அவன் வருவதே இல்லை. நீங்கள் சொன்ன குராசோ அணியில் பெரும்பாலானோர் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு கிளப் இருக்கும், சீசன் முழுக்கச் சனிக்கிழமையானால் லீக் ஆட்டம் இருக்கும். இந்த வாரம் தோற்றால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். பதினெட்டு வயதாகும்போது அவன் நூற்றுக்கணக்கில் ஆட்டங்கள் ஆடி முடித்திருப்பான். நம் பையனுக்கு வருடத்துக்கு ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் நான்கு. ஜனத்தொகையை விட்டுவிட்டு இதை எண்ணிப் பாருங்கள், குராசோ நம்மைவிடச் சின்ன நாடாகத் தெரியாது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நாம் தங்கம் வென்றோம். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று. கோல்கீப்பர் தங்கராஜ். தலையில் தையலோடு ஜர்னைல் சிங், டிஃபெண்டரான அவரை ஃபார்வர்டாக மாற்றி ஆட வைத்தார் கோச் ரஹீம், அவரும் கோல் போட்டார். ரஹீமுக்கு அப்போது புற்றுநோய், அடுத்த வருடமே போய்விட்டார். அந்தப் போட்டியில் ஜப்பானையும் 2-0 என்று அடித்தோம். அதே ஜப்பான் 1993-ல் ஒரு தொழில்முறை லீக்கைத் தொடங்கி, 1998-லிருந்து ஒரு உலகக் கோப்பையைக்கூடத் தவறவிடவில்லை. நாம் 2022-ல் உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவிடம் தடை வாங்கினோம். 2025-ல் ஒப்பந்தத் தகராறில் செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐஎஸ்எல் அந்த வருடம் முடியும்வரை தொடங்கவே இல்லை. டாக்காவில் ஆடியவர்கள் அப்படி லீக் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குப் போனது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். இரண்டாவது கோல் விழுந்ததும் நான் எழுந்து நின்றேன், ஆட்டம் முடியும்வரை உட்காரவே இல்லை. நீங்கள் அதைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாவட்டத்தில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லீக் நடக்கிறதா, இல்லை நாக்-அவுட் மட்டும்தானா? நடந்தால் ஒரு பையனுக்கு வருடத்துக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கிறது? விசாரித்து எழுதுங்கள். கோபத்தோடேயே எழுதுங்கள்.

அன்புடன்.