மொறிஸ் மைனர் ஹோன்: ஒரு கடிதமும் பதிலும்

அண்ணை, வணக்கம். அப்பா விட்டிட்டுப் போன 1959 மொறிஸ் மைனர் கார் ஒண்டு எங்களிட்ட இருக்கு. ஸ்டியறிங் நடுவில இருக்கிற பட்டனை அமத்தினா ஹோன் அடிக்குதில்லை. மெக்கானிக் ஹோன் செத்துப்போச்சு எண்டு புதுசு ஒண்டு பூட்டினார், அதில வயர் கொழுவ ஒரு முனைதான் இருக்கு. பழைய ரெண்டு வயரில ஒண்டைக் கொழுவினா பட்டனைத் தொடாமலே கத்துது, மற்றதைக் கொழுவினா சத்தமே இல்லை. வயரிங் முழுக்கப் பழுது, டாஷ்போர்ட்டில தனிப் பட்டன் போட்டுத் தாறன் எண்டு சொல்லுறார். போடலாமோ?
- ஒரு வாசகர், சாவகச்சேரி

தம்பி, போடாதேங்கோ. வயரிங் முழுக்கப் பழுது எண்டா புது ஹோன் கத்தியே இராது.

இந்தக் காரில ஹோனுக்குக் கரண்ட் எந்த நேரமும் வந்துகொண்டே இருக்கும், சாவி போடாட்டிலும் வரும், ஏ1-ஏ2 எண்ட பியூஸ் வழியா. பட்டன் செய்யிற வேலை கரண்ட் குடுக்கிறதில்லை, ஹோனுக்கு அங்கால வாற ரெண்டாவது வயரை எர்த்தில, அதாவது பற்றறியின்ர மற்ற முனை கொழுவியிருக்கிற காரின்ர இரும்பு பொடியில, தொடுக்கிறதுதான். அதால பழைய ஹோனுக்கு ரெண்டு முனை, அதின்ர உடம்பு எர்த் ஆக வேணும் எண்டில்லை. உங்களுக்குப் பூட்டினது உடம்பாலயே எர்த் எடுக்கிற ஹோன். கரண்ட் வயரைக் கொழுவின உடனயே கரண்ட் ஓடுற சுத்து முழுசாகிப்போகும், பிறகு கத்தாமல் என்ன செய்யும்? மற்ற வயர் போறதும் எர்த்துக்கு, ஹோனின்ர உடம்பும் எர்த், அதாலதான் அதில சத்தமில்லை. அது கத்தினதில ஒரு நல்ல செய்தி இருக்கு, பற்றறியில இருந்து ஹோன் வரைக்கும் லைன் சரி, பியூசும் சரி. அந்தப் பக்கம் ஒண்டையும் கிண்ட வேண்டாம்.

இனிப் பழைய ஹோனைத் திருப்பிப் பூட்டுங்கோ, எறிஞ்சிருக்க மாட்டீங்கள் எண்டு நம்புறன். கரண்ட் வயரை மட்டும் கொழுவிப்போட்டு, மற்ற முனையில இருந்து ஒரு துண்டு வயரை பொடியில பெயின்ற் இல்லாத இடத்தில தொட்டுப் பாருங்கோ. அடிச்சா ஹோன் உயிரோட இருக்கு. அடிக்காட்டி ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்பை எடுத்து ஒரு நுனியை பொடியிலயும் மற்றதை ஹோனின்ர அந்த ரெண்டாவது முனையிலயும் வையுங்கோ, எரிஞ்சா உள்ளுக்க கொயில் அறேல்லை, எரியாட்டி உள் பொயின்ற் (கரண்டைத் தொட்டு விடுற முனை) கருகியிருக்கும் இல்லாட்டி கொயில் அறுந்திருக்கும். மீற்றர் வைச்சுப் பாத்து மைனஸ் காட்டினா பயப்பிடாதேங்கோ, இந்த மொடல் பிளஸ் எர்த், பற்றறியின்ர பிளஸ் முனைதான் பொடியில கொழுவியிருக்கும்.

அடுத்தது எனக்கு நல்லாப் பிடிச்ச சோதனை. பட்டனுக்குப் போற வயரை ஹோனில இருந்து கழட்டி, டெஸ்ட் லாம்பை அந்த வயருக்கும் கரண்ட் வயருக்கும் நடுவில கொழுவுங்கோ. ஒராள் பட்டனை அமத்த வேணும், மற்றவர் லைற்றைப் பாக்க வேணும். பளிச்செண்டு எரிஞ்சா பட்டன் பக்கம் சரி. மங்கலா எரிஞ்சா எங்கயோ பாசி பிடிச்சிருக்கு, எங்கட உப்புக் காத்துக்கு வயரையும் வயரையும் சேக்கிற அந்த புல்லட் கனெக்டருகள் பச்சையாப் பூத்துப்போகும், ஒவ்வொண்டாக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் பூட்ட வேணும், பட்டனுக்குள்ள இருக்கிற தகடும் அப்பிடித்தான். எரியவே இல்லையெண்டா வயர் அறுந்திருக்கு, இல்லாட்டி பட்டன் எர்த்தில முட்டேல்லை. அமத்தாமலே எரிஞ்சா வயர் உரிஞ்சு இரும்பில படுகுது. இதைப் பாக்கேக்க ஸ்டியறிங்கை ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தம் மட்டும் திருப்பிப் பாருங்கோ, சில வயர் திரும்பேக்க மட்டும்தான் படும்.

வயரின்ர கலரை நம்பாதேங்கோ. தொண்ணூறுகளில சண்டை நேரம் பெற்றோலும் பற்றறியும் யாழ்ப்பாணத்துக்குள்ள வர விடாத காலத்தில இந்தக் காருகள் மண்ணெண்ணெயில ஓடினது, வயர் அறுந்தா கையில அகப்பட்டதைத்தான் போட்டு முடிஞ்சிருப்பினம், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்தக் கைவேலையாலதான் இண்டைக்கும் கார் நிக்குது. ஆனா இப்ப நல்ல வயர் கடையில கிடைக்குது, அந்த ஒரு வயரை மாத்த என்ன செலவு வரப்போகுது?

டாஷ்போர்ட் பட்டன் ஏன் வேண்டாம் எண்டா, ஒழுங்கைக்கால சைக்கிள் ஒண்டு திடீரெண்டு வரேக்க கை ஸ்டியறிங்கில இருக்க வேணும், பட்டனைத் தேடி டாஷ்போர்ட்டில தடவக்கூடாது. பழுதான வயர் உள்ளுக்க அப்பிடியே கிடக்கும், அது வேற.

பியூஸ் பற்றியும் ஒண்டு. பழைய லூக்காஸ் கொம்பனி பியூசில 35 எண்டு கிடக்கும், அது உருகிற அளவு, தொடர்ந்து தாங்கிறது 17 அம்பியர்தான். இப்ப கடையில விக்கிறதில 35 எண்டா தொடர்ந்து தாங்கிற அளவு, அதைப் போட்டா வயர் எரிஞ்ச பிறகுதான் பியூஸ் போகும்.

எல்லாம் சரியாகியும் ஹோன் கரகரத்தா, ஓரத்தில சின்ன ஸ்குரூ இருக்கோ எண்டு பாருங்கோ. பட்டனை அமத்தி அமத்தி, சத்தம் நிக்கிற மட்டும் இடப்பக்கம் திருப்பி, பிறகு வலப்பக்கம் காற் சுத்து விடுங்கோ. நடுவில இருக்கிற நட்டை மட்டும் தொடாதேங்கோ.