பரண்ல கிடைச்ச ஃபிலிம் டப்பாவும், ராணி வந்தப்ப எடுத்த நியூஸ்ரீலும்: எங்க தேடுறது, என்ன பண்றது?

சேலம் அழகாபுரத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "எங்க தாத்தா போலீஸ்ல இருந்தாரு. 1961-ல எலிசபெத் ராணி மெட்ராஸ் வந்தப்ப பந்தோபஸ்துக்கு இங்கருந்து அவரையும் அனுப்பினாங்களாம். வெள்ளைக்கார கேமராமேன் என் மூஞ்சிக்கு நேரா படம் எடுத்தான்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. அவரோட அண்ணன் பட்டாளத்துல பர்மா போனவரு, மவுன்ட்பேட்டனை பக்கத்துல பாத்திருக்காராம். இதெல்லாம் நெட்ல கிடைக்குமா? அப்புறம் ஏற்காட்டுல எங்க பழைய வீட்டு பரண்ல ரெண்டு ஃபிலிம் டப்பா இருக்கு, தொறந்தா வினிகர் நாத்தம். புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாக்கலாமா? எல்லாத்தையும் சேத்து யூட்யூப்ல ஒரு வீடியோ போடணும்."

தம்பி, மொதல்ல டப்பா விஷயம். தயவுசெஞ்சு புரொஜெக்டர்ல ஓட்டாதீங்க. வினிகர் நாத்தம் வந்தாலே அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், ஃபிலிம் சுருங்கும், நூத்துல ஒரு பங்கு சுருங்கினாலே ஓரத்து ஓட்டை புரொஜெக்டர் பல்லுல சரியா உக்காராது, ஒரே ஓட்டத்துல கிழிச்சு வெச்சிடும், அப்புறம் ஸ்கேனும் கஷ்டம். இந்த நாத்தம் பக்கத்து ரீலுக்கும் தொத்தும், அதனால நல்லா இருக்குற ரீலை தனியா வையுங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டி இறுக்கவும் வேணாம், அந்த ஆசிட் காத்து வெளிய போக வழியில்லாம இன்னும் வேகமா சிதையும். ஏற்காடு குளுகுளுன்னு இருக்கே, அங்கயே இருக்கட்டும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. குளிர்ச்சி நல்லதுதான், ஆனா மழைக்காலத்துல அந்த மூடுபனி ஈரம் ஃபிலிம்ல பூஞ்சையை ஏத்திடும். சேலத்து வெயில்ல ஓட்டு வீட்டு பரண் அதைவிட மோசம். கீழ்த்தளத்துல, வெளிச்சுவர் ஒட்டாத காஞ்ச அலமாரி போதும், இப்போதைக்கு.

அடுத்து அது என்ன ஃபிலிம்னு பாருங்க. பருத்தி கையுறை போட்டுக்கிட்டு, மொதல் நாலஞ்சு அடி மட்டும், ஓரத்தை மட்டும் புடிச்சு, போன்ல வெள்ளை ஸ்க்ரீன் போட்டு அது மேல காட்டுங்க. சுலபமா தீப்பிடிக்காத ரகம்னா ஓரத்துல சேஃப்டின்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கும். கோடாக் ஃபிலிம்னா சின்னதா வட்டம், சதுரம், முக்கோணம் இருக்கும், அது தயாரிச்ச வருஷத்தோட குறி, ஆனா 20 வருஷத்துக்கு ஒருதடவை அதே குறி திரும்ப வரும், அதனால 1941-ஆ 1961-ஆன்னு படத்துல தெரியுற கார், உடுப்பு பாத்துதான் முடிவு பண்ணணும். அதுவும் ஃபிலிம் தயாரான வருஷம், ஷூட் பண்ணின வருஷம் இல்ல. இன்னொரு சிக்கல், நீங்க வெச்சிருக்குறது காப்பியா இருந்தா நெகட்டிவ் ஓரத்து எழுத்தும் சேந்து பதிஞ்சிருக்கும், ரெண்டு குறி தெரிஞ்சா குழம்பாதீங்க.

அகலத்தையும் அளந்துடுங்க. 8 எம்எம், 16 எம்எம்னா பயமில்ல. 35 எம்எம் இருந்து, 1950-களோட ஆரம்பம் வரைக்கும் உள்ளதுன்னு சந்தேகம் வந்தா மட்டும் அதை தொடாதீங்க, சட்டுனு தீப்பிடிக்கிற நைட்ரேட் ரகமா இருக்கலாம். நம்ம ஊர்ல இது சும்மா சொல்ற எச்சரிக்கை இல்ல, ஏற்காடு ரோட்ல வளைவு மட்டும் மிச்சமா நிக்குதே மாடர்ன் தியேட்டர்ஸ், 1930-கள்ல இருந்து படம் எடுத்த ஊரு, யார் வீட்டு பரண்ல என்ன இருக்குன்னு யாருக்கு தெரியும். நைட்ரேட் பத்திக்கிச்சுன்னா தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும், எரியத் தேவையான ஆக்சிஜன் அதுக்குள்ளயே இருக்கு. 2003-ல பூனாவுல நைட்ரேட் வெச்சிருந்த கிடங்கு எரிஞ்சு எத்தனையோ பழைய படம் போச்சு.

இப்ப தாத்தாவைத் தேடுற கதை. நியூஸ்ரீல்னா தியேட்டர்ல ஓட்டின செய்திப் படம். முடிஞ்சு வெளிவந்த நியூஸ்ரீல்ல தேடினா கிடைக்க வாய்ப்பு கம்மி, வெட்டி மிச்சம் வெச்சதுல தேடுங்க. அப்ப பிரிட்டன்ல நியூஸ்ரீல் வாரத்துக்கு ரெண்டு வெளியாகும், ஒண்ணு ஏறக்குறைய 10 நிமிஷம், அதுக்குள்ள குதிரைப் பந்தயம், ஃபுட்பால், மந்திரி பேச்சு எல்லாம் வரணும். இந்தியாவுக்கு கிடைச்ச கொஞ்ச நேரத்துல டெல்லி குடியரசு தினம், தாஜ்மகால், யானை, ஜெய்ப்பூர் பக்கத்துல ராணியோட வீட்டுக்காரர் பிலிப் சுட்ட புலி, பெரும்பாலும் இவ்ளோதான். மெட்ராஸ், காமராஜர் எல்லாம் வெட்டுல போயிருக்கும். அவங்க கண்ணுக்கு எது இந்தியாவோ அதைத்தான் காட்டினாங்க. ஆனா வெட்டினதைத் தூக்கிப் போடல. பிரிட்டிஷ் பாத்தேன்னு ஒரு நியூஸ்ரீல் கம்பெனி 2014-ல 85,000 படத்தை யூட்யூப்ல ஏத்தினப்ப, பயன்படுத்தாத மெட்டீரியல்னு தலைப்புல போட்டே நிறைய ஏத்தியிருக்காங்க. கமென்ட்ரி இருக்காது, சத்தமும் பெரும்பாலும் இருக்காது, ஆனா கூட்டமும் பந்தோபஸ்து போலீஸும் அதுலதான் நின்னு நிதானமா தெரிவாங்க. இன்னொரு நியூஸ்ரீல் கம்பெனி பிரிட்டிஷ் மூவிடோன், அது இப்ப ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்து கையில, அதையும் பாருங்க.

தேடும்போது சென்னைன்னு அடிக்காதீங்க, மெட்ராஸ்னு இங்கிலீஷ்ல அடிங்க. சேலம்னு அடிச்சா அமெரிக்காவுல சூனியக்காரின்னு சொல்லி தூக்குல போட்ட ஊருதான் வந்து நிக்கும். 1956 டிசம்பர்ல சீனப் பிரதமர் சூ என்லாய் மெட்ராஸ் வந்தப்ப எடுத்ததைத் தேடுறவங்களும் பேரை அந்தக் காலத்து ஸ்பெல்லிங்ல அடிச்சாத்தான் கிடைக்கும், அட்டவணை போட்டவன் அன்னைக்கு எழுதினது அப்படியேதான் இருக்கு.

நம்ம ஆளுங்க எடுத்தது வேற, அது மத்திய அரசோட ஃபிலிம்ஸ் டிவிஷன். 1948-ல ஆரம்பிச்சது, கொட்டாயில மெயின் படத்துக்கு முன்னாடி தமிழ் குரல்ல ஓடுமே, ஜனங்க பீடி பத்த வைக்க வெளிய போற நேரம், அதேதான். உள்ளூர் கூட்டம், உள்ளூர் அதிகாரிங்க இதுல அதிகம். 2022-ல அதை என்எஃப்டிசியோட (தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம்) சேத்துட்டாங்க, மும்பைக்குத்தான் எழுதிக் கேக்கணும்.

பெரிய தாத்தா விஷயத்துக்கு லண்டன்ல இம்பீரியல் வார் மியூசியம். யுத்த காலத்து நியூஸ்ரீல்ல ஊர் பேரு, படைப்பிரிவு பேரு எல்லாம் சென்சார்ல போயிடும், இந்தியாவில் ஓரிடம்னு சொல்லி விட்டுடுவான். ஆனா ராணுவ கேமராமேன் ஒவ்வொரு ரோலோடயும் ஒரு சீட்டு எழுதி அனுப்புவான், டோப் ஷீட்டுன்னு பேரு, தேதி, இடம், யாரு, என்னன்னு கையால எழுதியிருக்கும். அங்க கேக்கும்போது படத்தை மட்டும் கேக்காதீங்க, இந்த சீட்டையும் சேத்து கேளுங்க. மவுன்ட்பேட்டன் பொட்டி மேல ஏறி நின்னுக்கிட்டு சிப்பாய்களை சுத்தி வரச்சொல்லி பேசுற பழக்கம் உள்ளவரு, அதனால அந்த ஷாட்ல முகம் நல்லா தெரிய வாய்ப்பு இருக்கு. எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல பாத்து வெச்சுக்கிட்டு எழுதுங்க, வெறும் பேரை மட்டும் எழுதினா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

யூட்யூப்ல போடுறது பத்தி. நம்ம சட்டப்படி சினிமா ஃபிலிமுக்கு வெளியான அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம் காப்பிரைட், அப்ப 1961-ல வெளியானது இந்தியாவுல 2021 கடைசியோட முடிஞ்சுது. ஆனா பிரிட்டன் கணக்கு வேற, யூட்யூப் உலகம் பூரா ஓடுது, மெஷினே கண்டுபுடிச்சு காப்பிரைட் க்ளெய்ம் போட்டுடும். வெளியிடாத மிச்ச ஃபுட்டேஜுக்கு இந்த 60 வருஷக் கணக்கும் நேரா பொருந்தாது. சின்ன துண்டுன்னாலும் லைசென்ஸ் ரேட் கேட்டுடுறது நல்லது, குடும்ப வீடியோ, வருமானம் இல்லன்னு முதல்லயே எழுதிடுங்க. யூட்யூப்ல இருந்து டவுன்லோடு பண்ணின காப்பியை வெச்சு எடிட் பண்ணாதீங்க, குவாலிட்டியும் தேறாது. பரண்ல கிடைச்சது உங்க வீட்டு ஆளு எடுத்த ஹோம் மூவின்னா பிரச்சனையே இல்ல. ஃபிலிம்ஸ் டிவிஷன் பிரிண்ட் ஏதாவது வீட்டுக்கு வந்திருந்தா டப்பா உங்களோடது, படம் உங்களோடது இல்ல.

வினிகர் எந்த அளவுக்கு முத்தியிருக்குன்னு பாக்க ஏ-டி ஸ்ட்ரிப்னு ஒரு காகிதம் இருக்கு, டப்பாக்குள்ள ஒரு நாள் வெச்சா நீலத்துல இருந்து பச்சை, மஞ்சள்னு மாறும். மஞ்சள் வந்துட்டா தள்ளிப் போடாம ஸ்கேனுக்கு குடுத்துடுங்க, பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரான்னு கேட்டுட்டு குடுங்க. கல்யாண வீடியோ கேசட் மாத்தித் தர்ற கடையில, சுவத்துல ஓட்டி அதை கேமராவுல புடிச்சுத் தர்றேன்னு சொன்னா டப்பாவைத் தூக்கிட்டு வந்துடுங்க. படம் முக்கியமானதுன்னு தெரிஞ்சா பூனா ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ்ல ஒப்படைக்கலாம், மும்பைல ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன்லயும் யோசனை கேக்கலாம். ரெண்டு பேருமே மொதல்ல கேக்கப்போறது அகலம், நீளம், ஓரத்து எழுத்து, டப்பா மேல ஒட்டின லேபிள். அந்த நாலையும் போன்ல போட்டோ எடுத்துட்டு அப்புறம் எழுதுங்க, லேபிளை மட்டும் தொடச்சு சுத்தம் பண்ணிடாதீங்க.