கிளவுஸ் போட்டால் ஆங்கிள் கிரைண்டரில் கார்டு இல்லாமல் அறுக்கலாமா?

கூடாது. கார்டு, அதாவது சக்கரத்தைப் பாதி மூடியிருக்கும் தகடு, இருந்தால் மெஷின் மூலையில் நுழையவில்லை, பட்டறைகளில் கழற்றிவிட்டுத்தான் அறுக்கிறார்கள், தோல் கிளவுஸ் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். 4 இஞ்ச் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும். இரும்பை அறுக்கிற சக்கரத்துக்குத் தோல் எந்த மூலைக்கு? கிளவுஸ் தடுப்பது தீப்பொறியையும் பிசிறையும்தான். அதிலும் வெள்ளை நூல் கிளவுஸ் வேண்டவே வேண்டாம். நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். டிரில்லிங் மெஷினில் தோல் கிளவுஸும் ஆகாது.

பல வெட்டுக்காயங்கள் மெஷின் உதறுவதால் வருகின்றன. ஒரு ஸ்கொயர் பைப்பை இரண்டு முனையிலும் செங்கல் வைத்துத் தாங்கி நடுவில் அறுத்தால், பாதி அறுந்ததும் பைப் கீழே தொய்யும், வெட்டு வாய் மூடும், சக்கரம் இறுகும். ஓட்டம் திடீரென்று நின்றதும் அந்த விசை முழுக்க மெஷினுக்கே திரும்பி, அது எகிறும். சைடு ஹேண்டில் இல்லாமல் ஒரு கையால் பிடித்திருந்தால் அடுத்து அது போவது மறு கைக்கோ தொடைக்கோதான். அதனால் வைஸில் அல்லது இரண்டு சி கிளாம்ப்பில் பைப்பை இறுக்கி, வெட்டி விழ வேண்டிய துண்டைத் தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டிவிடுங்கள். வெட்டு தானாக விரியும். சக்கரத்துக்கு நேர்கோட்டில் நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். கார்டின் மூடிய பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். கார்டு நுழையாத மூலைக்கு ஹாக்ஸா பிளேடு எடுங்கள், நேரமாகும், ஆகட்டும்.

1.2 மில்லிமீட்டர் கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள், தெறிக்கும். தேய்க்க 6 மில்லிமீட்டர் வீல் தனியாக இருக்கிறது. நடு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், சென்னைப் பாரிமுனைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். பிசினில் கட்டிய சக்கரம் ஈரம் பட்டால் வலு குறையும். நம்மூர்க் கடற்காற்றில் திறந்து போட்டு வைக்கக்கூடாது. கீழே விழுந்த வீலைக் குப்பையில் போடுங்கள். மரம் அறுக்கிற பல் வைத்த பிளேடை இந்த மெஷினில் மாட்டுவது தற்கொலைக்குச் சமம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், சொல்லவே தேவையில்லை.

வீல் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் போனாலும் பிளக்கைப் பிடுங்குங்கள்: ஸ்விட்ச் ஆனிலேயே நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் தரையில் கிடக்கிற மெஷின் தானாக ஓடும்.

சக்கரம் கையை வெட்டிவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். காபித்தூள், மஞ்சள் எதுவும் போடாதீர்கள். மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கினால் வராது. விரல் துண்டானால் சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது, தசை கருகிவிடும். ஆபரேஷன் இருக்கலாம் என்பதால் காபி, சோடா கொடுக்காதீர்கள். 108 அழையுங்கள். தெருமுனை கிளினிக்கில் தையல் போட்டு நேரத்தைக் கடத்தாமல், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, பையோடு நேராக அங்கே போங்கள்.