காஸ் அடுப்போடு ஒரு விறகடுப்பும் வைத்தால் உண்மையில் செலவு மிச்சமா?

வவுனியாவில் வீடு கட்டுகிறீர்கள், குசினியில் விறகடுப்பும் கட்டினால் காஸ் செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும். ஆனால் அடுப்பை விட விறகுதான் அதைத் தீர்மானிக்கும். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன.

2021 ஒக்டோபரில் 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 1,493 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 2,750 ஆனது. அடுத்த ஏப்ரலில் 4,860. பிறகு காசு இருந்தும் சிலிண்டர் கிடைக்கவில்லை. அம்மா கைவிடாமல் வைத்திருந்த பின்கொட்டில் அடுப்பை மறுபடி மூட்டினோம். முதல் மாதம் ஒரு மிச்சமும் இல்லை. நான் அவசரத்தில் வாங்கிய ஒரு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரப் பெட்டி) விறகு முழுவதும் பச்சை. புதிதாகத் தறித்த மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர்தான். அதை ஆவியாக்கவே நெருப்பின் பலம் போய்விடும், மிச்சம் புகை. அம்மாவுக்கு இருமல் கூடியது. அது எனக்கு இன்றும் மனவருத்தம்.

இப்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரைதான் எங்கள் விறகு வேலை. கொத்திப் பிளந்துவிட வேண்டும், உருட்டுக் கட்டையாகக் கிடந்தால் பட்டை ஈரத்தை விடாது. நிலத்தில் படாமல் பனங்குற்றி மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். பக்கங்களில் காற்று போகட்டும். நோர்வேயில் குளிருக்கு வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் மச்சானும் இதையேதான் சொல்வார்: ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வந்த பிறகே அடுப்புக்குள் போடவேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது கணீரென்று கேட்கும்.

என் கணக்கில், ஒரு சிலிண்டரின் வேலையை மூன்று கல் அடுப்பில் செய்ய 150 கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு வேண்டும். அனகி என்று விற்கும் இரண்டு வாய் மண் அடுப்பில் ஏறக்குறைய 100 கிலோ போதும், சோறும் கறியும் ஒரே நெருப்பில் வேகும். விறகு முழுவதையும் காசுக்கு வாங்கினால் இலாபம் சிறிதுதான். வளவில் கிடைப்பதை எரித்தால்தான் கையில் மிஞ்சும்: வேலிக் கிளிசரிடியா, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), கங்குமட்டை (பனைமட்டையின் அடி), தென்னம்பாளை, சிரட்டை. பாலை மர விறகு நல்ல தணல் பிடிக்கும், சரி, அதற்காகக் காட்டில் நிற்கும் மரத்தில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

பக்கத்தில் மர ஆலை இருந்தால் மரத்தூள் அடுப்பையும் நினைத்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டில் எரிந்தது அதுதான். தகர வாளியின் பக்கச் சுவரில், அடியோடு ஒட்டி ஒரு துளை. அதன் வழியே ஒரு தடியும் நடுவில் ஒரு போத்தலும் வைத்து, சுற்றிலும் மரத்தூளை இறுக்கி அடைத்து, இரண்டையும் மெதுவாக உருவிவிட்டு, துளை வழியே கொளுத்த வேண்டும். ஊதவே தேவையில்லை, மணிக்கணக்கில் நின்று எரியும். நெல் அவிக்க, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க அதைப்போல ஒன்றில்லை.

இப்போது எங்களுக்குத் தேநீரும் அவசரச் சமையலும் காஸில், சோறும் வெந்நீரும் விறகில். ஐந்து வாரம் நின்ற சிலிண்டர் மூன்று மாதம் தாண்டுகிறது.

புகைக்கூட்டை மட்டும் இப்போதே மேசனிடம் சொல்லிவிடுங்கள். கூரை முகட்டை விட உயரமாக எழுப்பச் சொல்லுங்கள், அடுப்புக்கு எதிரே ஒரு யன்னலும் வேண்டும். ஓடு போட்ட பிறகு உடைத்துச் செய்யப் போனால் இரட்டைச் செலவு.